கண்ணுக்கு வைத்த சந்தனம்

மஸூதைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் வருகிற வார்த்தை "தங்கமான பையன்" என்பதுதான். முன்தலை வழுக்கை ஏறி, பூந்தமல்லியில் இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, முட்டியில் வலி வந்த பிறகும் அவன் பையன்தான். யார் வம்புக்கும் போகமாட்டான். யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டான். தனக்கு வேண்டியதைக்கூட வாய்விட்டுக் கேட்கமாட்டான். ஊர் இதைப் பண்பு என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பண்பு ஒரு பொம்பளையின் வலது கை விரல்களைத் தின்ற கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவனுடைய அத்தா ஷவுகத் அலி ட்ரங்க் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தார். குடியிருந்தது பாரிவாக்கத்தில், ஒரே வாசலுக்குள் பல குடித்தனம் இருக்கிற வீட்டில். எதிர்க் குடித்தனத்துக்காரர்கள் விடிந்ததும் பெரிதாகக் கோலம் போடுவார்கள். "கோலம் கெடந்தா சுத்திப் போ. குங்குமம், விபூதி இருக்கற இடத்துல கை வைக்காத. கேக்கவும் கேக்காத, சொல்லவும் சொல்லாத. நமக்கு எதுக்கு வம்பு" என்பார் அத்தா. அவர் பார்த்த நாட்கள் அப்படி, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மஸூத் அதைப் பிடித்த பிடி இருக்கிறதே! கோலம் போட்ட வீட்டுக்காரரே அதன்மேல் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வருவார். இவன் மட்டும் பள்ளிக்கூடப் பையோடு சுவரை ஒட்டிப் பல்லி மாதிரி நகர்ந்து போவான். "மிதிச்சா ஒண்ணும் ஆவாதுடா" என்று அந்த வீட்டு அம்மாளே சிரித்திருக்கிறாள். இவனும் சிரிப்பான். மறுநாளும் சுவரோடுதான் போவான்.

ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தான். டிபன் பாக்ஸுக்கு எவர்சில்வர் மூடி அடிக்கிற கம்பெனி. ஒரு நீளமான தகரக் கொட்டகை, அதில் வரிசையாகப் பவர் பிரஸ்கள். பெண்கள் முன்னால் உட்கார்ந்து தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதிப்பார்கள். மேலிருந்து இரும்பு இறங்கும், தகடு மூடியாகும். கையை எடுக்கத் தாமதித்தால் கையும் மூடியாகும். அந்த எஸ்டேட்டில் டீக்கடையில் கிளாஸை நீட்டுகிற கைகளைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மஸூதுக்கு மெயின்டனன்ஸ். மோட்டார், கம்ப்ரசர், ஒயர், பெல்ட், எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவன் மனதோடு செய்கிற வேலை ஒன்று உண்டென்றால் அது சின்ன போர்டுகளைத் திறந்து பார்ப்பதுதான். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் கை போகிற வழியில் இரண்டு பக்கமும் இரண்டு தூண் வைத்திருந்தார்கள். இடது தூணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி புறப்பட்டு வலது தூணுக்குப் போகும். நடுவில் கை இருந்தால் ஒளி மறையும். ஒளி மறைந்தால் பெடலை எத்தனை மிதித்தாலும் பிரஸ் இறங்காது. வலது தூணில் காசு அகலத்துக்கு ஒரு கண்ணாடி வில்லை உண்டு. பெண்கள் அதற்கு வைத்த பெயர் கண்ணு. "கண்ணு பாத்துக்கும்" என்பது அங்கே தினம் நூறு தரம் காதில் விழுகிற பேச்சு.

அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன போர்டு. ஒளி பட்டால் பிறக்கிற மின்சாரம் அத்தனை பலவீனமானது, அதை வைத்து ஒரு பல்பைக்கூட எரிக்க முடியாது. அதை ஓர் எட்டுக்கால் ஐ.சி. சில்லு பெருக்கிக் காட்டும். ஆப்-ஆம்ப் என்பார்கள். எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை அந்த ஐ.சி. முடிவு செய்வதில்லை, அதன் பக்கத்தில் இருக்கிற இரண்டு ரெசிஸ்டர்கள்தான் முடிவு செய்யும். பெரியதைச் சின்னதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் வருவது மடங்கு. மஸூத் அதைக் கெயின் என்பான். அந்த போர்டில் சின்னது ஒரு கிலோ ஓம், பெரியது நாற்பத்தேழு. ஆக நாற்பத்தெட்டு மடங்கு. அப்படிப் பெருகி வந்தது ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் வழியில் கை இல்லை என்று பிரஸ் நம்பும். அளவுக்குக் கீழே இருந்தால் நின்றுவிடும். ஓர் ஆளின் கை இருப்பதும் போவதும் இரண்டு ரெசிஸ்டரின் கணக்கில் நிற்கிறது என்பதை மஸூத் அறிவான். அறிந்ததால்தான் இந்தக் கதை இன்னும் கசக்கிறது.

மூன்றாவது பிரஸ் துலுக்கானத்தினுடையது. வெள்ளானூரிலிருந்து பஸ் மாறி வருவாள். புருஷன் போய்ப் பல வருஷம். பெரிய உடம்பு, பெரிய வாய், அதைவிடப் பெரிய சிரிப்பு. மஸூதைச் சீண்டாமல் அவளுக்குப் பொழுது போகாது.

"இன்னா மஸூது, வாயில இன்னா கொயக்கட்டயா? நாலு வார்த்த பேசேன், காசா கேக்குறாங்க?"

"ஒண்ணுமில்லக்கா" என்பான் அவன்.

"இந்த ஒண்ணுமில்லன்றத தவிர வேற எதுனா தெரியுமா ஒனக்கு? ஊட்லயாவது பேசுவியா? பாவம் அந்தப் பொண்ணு இஃபத்து."

இஃபத் அவன் மனைவி. ரம்ஜானுக்கு அவள் கொடுத்துவிடுகிற பிரியாணியில் முதல் டப்பா துலுக்கானத்துக்குத்தான். அதையும் பேசாமல் வைத்துவிட்டு நகர்வான். ஆனால் அவள் பேச்சு அவனுக்குப் பிடித்திருந்தது. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கிற ஒரே மனிதக் குரல் அது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியே மணக்கும். இயந்திரங்களைக் கழுவித் துடைத்து மாலை போட்டுப் பொட்டு வைப்பார்கள். அந்த வருஷமும் மற்றவர்கள் பிரஸ்ஸின் நெற்றியில், மோட்டார் மூடியில், ஸ்விட்ச் பெட்டியில் வைத்தார்கள். துலுக்கானம் மட்டும் சந்தனத்தைக் குழைத்துக் கொண்டுபோய் நேராகக் கண்ணில் வைத்தாள், நடுவில் குங்குமம். "நம்மளக் காப்பாத்தற ஆத்தா இதுதான, மோட்டாரா காப்பாத்துது?" என்றாள். தான் பொட்டு வைப்பதை நிறுத்தியவள், அந்த வில்லைக்கு வெள்ளிக்கிழமைதோறும் வைக்க ஆரம்பித்தாள். பழையதன் மேலேயே புதியது.

பிரஸ் தகராறு செய்யத் தொடங்கியது. கை உள்ளே இல்லாதபோதும் நின்றது. முதலில் நாளுக்கு இரண்டு தரம், அப்புறம் மணிக்கு இரண்டு தரம். சூப்பர்வைசர் ரகுநாதன் வந்து நின்று கத்தினார். கத்துவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி, அதில் கோபம்கூட இருக்காது.

"மஸூத், என்னய்யா இது, நொண்டிக் குதிரை மாதிரி நிக்குது? மூடி போகலேன்னா எந் தலதான் போகும். பாரு, என்னன்னு பாரு!"

மதியச் சாப்பாட்டு நேரம். பிரஸ்களில் ஆள் இல்லை. மஸூத் டார்ச் அடித்துப் பார்த்தான். பார்த்த உடனே புரிந்துவிட்டது. வில்லையின் மேல் காய்ந்த சந்தனம் ஏடு ஏடாகப் படிந்திருந்தது. அதன் விரிசல்கள் வழியாகத்தான் ஒளி உள்ளே போய்க்கொண்டிருந்தது. பாக்கெட்டிலிருந்து பஞ்சுக் கழிவை எடுத்தான். ஒரு துடைப்பு, வேலை முடிந்தது. கை வில்லைவரைக்கும் போனது.

அங்கேயே நின்றது. குங்குமம் இருக்கிற இடம். பூஜை செய்தது. நான் துடைத்தேன் என்று நாளைக்கு யாராவது ஒன்று சொன்னால்? துலுக்கானத்துக்கே மனசு கஷ்டமாகிவிட்டால்? பஞ்சைத் திரும்பப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். பத்தடி தள்ளி மற்ற பெண்களோடு உட்கார்ந்து அவள் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பது இங்கேவரை கேட்டது. எழுந்து போய், "அக்கா, கண்ணுமேல சந்தனம் மறைக்குது, தொடச்சிடவா?" என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அட மனுஷா, எவ்வளவு நேரம் ஆகும்? அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தான். மனதார அப்படித்தான் நினைத்தான்.

அதற்குப் பதிலாக அவனுக்குத் தெரிந்த வழியில் போனான். தூணின் பின்மூடியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தான். வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் இப்போதைப்போல மூன்று மடங்கு பெருக்கினால் சரியாகிவிடும். நாற்பத்தெட்டை நூற்று நாற்பத்து நான்காக்க வேண்டும். பெரிய ரெசிஸ்டர் நூற்று நாற்பத்து மூன்று கிலோ ஓம் இருக்க வேண்டும். அந்த மதிப்பில் சாதாரணமாக ரெசிஸ்டர் வருவதில்லை. அவன் டப்பாவில் அதற்குக் கீழே நூற்றிருபது இருந்தது, மேலே நூற்றைம்பது இருந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். நூற்றிருபது போட்டால் அடுத்த வெள்ளிக்கிழமைச் சந்தனத்துக்கே மறுபடி நிற்கும், மறுபடி ரகுநாதன் கத்துவார். கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று நூற்றைம்பதை எடுத்தான். மஞ்சள், ஊதா, ஆரஞ்சுக் கோடு போட்ட பழையதைக் கழற்றினான். பழுப்பு, பச்சை, மஞ்சள் கோடு போட்ட புதியதைப் பற்றவைத்தான்.

சோதித்தும் பார்த்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சோதிப்பதற்கென்று ஒரு கறுப்புக் கம்பு உண்டு. அதை ஒளியின் வழியில் மேலே, நடுவே, கீழே என்று நீட்டிப் பெடலை மிதித்தான். ஒவ்வொரு தரமும் பிரஸ் நின்றது. கம்பை எடுத்தால் ஓடியது. அவன் கணக்கில் தப்பே இல்லை, சந்தனம் அந்த இடத்திலேயே இருக்கும்வரைக்கும்.

"என்னய்யா பண்ணே?" என்று கேட்டார் ரகுநாதன்.

"கெயின் பத்தல சார். ஏத்திட்டேன்."

"ஏத்து, எத வேணா ஏத்து. ஓடுதில்ல?"

சந்தனத்தைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் எல்லோர் முன்னாலும் துலுக்கானத்தை ஏதாவது சொல்வார் என்று அவளுக்காகவே மறைத்தான். சாப்பிட்டு வந்தவள் பிரஸ் தடையில்லாமல் ஓடுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மஸூது கை வச்சா கண்ணு குளுந்துடுது" என்றாள். அவனுக்கு அன்றைக்கு வீடு போகிறவரை மனசு நிறைந்திருந்தது.

ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழியும் போனது. வெள்ளிக்கிழமை புதுச் சந்தனம் ஏறினாலும் காய்ந்த பழையது உதிர்ந்துகொண்டிருந்ததால், பிரஸ் ஒரு தரம்கூடத் தகராறு செய்யவில்லை.

போகிக்கு முந்தின நாள் துலுக்கானம் வீட்டைத் துடைப்பது போலத் தன் பிரஸ்ஸைத் துடைத்தாள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தாள். கண்ணில் கட்டியாகிக் கிடந்த பழைய சந்தனத்தை நகத்தால் சுரண்டி, ஈரத் துணியால் வழித்து, வில்லை பளிச்சென்று தெரிகிறவரை தேய்த்தாள். பொங்கல் கழித்து வரும்போது புதுச் சந்தனம் கொண்டுவந்து வைக்கலாம் என்று நினைத்திருந்தாள். மஸூத் அன்றைக்குப் பக்கத்துக் கொட்டகையில் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

பொங்கல் முடிந்து கம்பெனி திறந்தது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சந்தனத்தை வீட்டிலேயே மறந்து வந்தாள் துலுக்கானம். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தாள். அடித்த மூடி ஒன்று அச்சில் ஒட்டிக்கொண்டது. எப்போதும் போல இடது கையில் அடுத்த தகட்டைப் பிடித்தபடி வலது கையை உள்ளே விட்டு அதை நெம்பினாள். கால் பெடலில்தான் இருந்தது. கை உள்ளே இருந்தால் இறங்காது, கண்ணு பாத்துக்கும். கால் லேசாக அழுந்தியது.

மஸூதுக்குக் கேட்டது அலறல் அல்ல. வரிசையாக எல்லாப் பிரஸ்களும் ஒவ்வொன்றாக நிற்கிற சத்தம். வேலை நேரத்தில் அந்தக் கொட்டகை அப்படி அமைதியாகி அவன் கேட்டதே இல்லை. ஓடி வந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் அவள் செருப்பு கிடந்தது. அவன் தலை நிமிர்ந்து வலது தூணைப் பார்த்தான். வில்லை கழுவிய கண்ணாடியாக மின்னியது.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் முடிந்ததைச் செய்தார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மாலையில், எல்லோரும் போன பிறகு, மஸூத் கறுப்புக் கம்பை எடுத்து வந்தான். வெறும் பிரஸ்ஸில் நீட்டினான், நின்றது. பளபளக்கிற எவர்சில்வர் தகட்டை அவள் வழக்கமாகப் பிடிக்கிற சாய்வில் பிடித்துக்கொண்டு மறுபடி நீட்டினான். பிரஸ் இறங்கியது. நேர் ஒளியைக் கம்பு மறைத்தாலும், தகட்டில் பட்டுத் தெறிக்கிற கொஞ்ச ஒளி சுற்றிக்கொண்டு கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பத்தெட்டு மடங்கில் அந்தக் கொஞ்சம் ஒரு பொருட்டே இல்லை. சந்தனம் இருந்தவரை அது உள்ளே வந்ததும் இல்லை. சந்தனம் போய், நூற்றைம்பத்தொரு மடங்கில் பெருகியபோது, வழியில் கை இல்லை என்று பிரஸ் நம்பியது. அவன் அதோடு விடவில்லை. நூற்றிருபதையும் பற்றவைத்துப் பார்த்தான். சில தரம் நின்றது, சில தரம் இறங்கியது. அன்றைக்கு உள்ளங்கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றோமே என்ற நினைப்பு அப்போது வந்தது; அதற்கப்புறம் அது அவனை விட்டுப் போகவில்லை.

ரகுநாதன் மறுநாள் காலையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தத் தரம் அவர் கத்தவில்லை.

"ஏதோ ஏத்தினேன்னு சொன்னியே. அத பழையபடி எறக்கிடு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வராங்க. ஒனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு."

நாற்பத்தேழைத் திரும்பப் பற்றவைத்தான். வந்த அதிகாரி தகட்டை வைத்தும் பார்த்தார், வைக்காமலும் பார்த்தார். பிரஸ் ஒவ்வொரு தரமும் நின்றது. பாதுகாப்பு சரியாகத்தான் இருக்கிறது, அந்த அம்மாள் பக்கவாட்டில் கையை விட்டிருப்பாள், அஜாக்கிரதை என்று பேசி முடித்தார்கள். மஸூத் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான், கையில் கறுப்புக் கம்போடு. கேட்டால் சொல்லலாம் என்று நின்றான். யாரும் கேட்கவில்லை. தங்கமான பையன்!

வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய மகள் அலீனா பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினால் அதைப் பிடித்திருக்கிற அவள் விரல்களையே பார்த்தான். இஃபத் சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

இஃபத்தின் குரல் உயரவில்லை.

"ஒரு பொட்டத் தொடைக்க பயந்தீங்க. கண்ண மாத்த பயப்படல."

"அவங்க மனசு நோகக்கூடாதுன்னுதான், இஃபத்."

"இல்லங்க. அவங்க மேல நம்பிக்கை இல்ல ஒங்களுக்கு. இத்தன வருசம் ஒங்ககூட சிரிச்சுப் பேசின அக்கா, தொடைங்கன்னு சொன்னா ஒங்கள வேத்தாளா பாத்துடுவாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. இதுவா மரியாதை?"

அவள் சொன்னது உண்மை, அது அவனுக்கு வலித்தது.

அப்படியும் உடனே கிளம்பிவிடவில்லை. அவன்தான் மஸூத் ஆயிற்றே. கம்பெனியில் பக்கத்துப் பிரஸ் ரேணுகா சொன்னதுதான் அவனை எழுப்பியது. துலுக்கானத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள் அவள்.

"வக்கீல் வைக்கலாம்க்கான்னு சொன்னேன் பாய். வாணாம்னுடிச்சு. ஆத்தா பொட்ட நாந்தான் சொரண்டி எட்த்தேன், மூளி நெத்தியா உட்டுட்டேன், அதான் ஆத்தா வெரல எட்த்துக்கினா, இதுல யாரு மேல கேசு போடறதுன்னு சொல்லுது. நாளெல்லாம் அதையே சொல்லிகினு அய்துகினு கீது."

விரலும் போய், போனதற்கான பழியையும் துலுக்கானமே சுமந்துகொண்டிருந்தாள். அதை அவள் தலையிலிருந்து இறக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன் வாய்தான் திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூருக்குப் போனான். புதிதாக எழும்புகிற அடுக்கு வீடுகளுக்குப் பின்னால் இருந்தது அவள் வீடு. கதவு திறந்தே இருந்தது. துலுக்கானம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டு அவிழ்த்த வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது.

"வா மஸூது. குந்து. டீ போட்டுத் தர முடியாது, கோச்சிக்காத" என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

அவன் உட்கார்ந்தான். அவளே பேசினாள். பக்கத்திலிருந்த ரோஸ் காகிதப் பொட்டலத்தை இடது கையால் பிரித்து நீட்டினாள். உள்ளே இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள், கண் வடிவத்தில்.

"கண்மலரு. கம்மலு கீதே, அத்த வித்து வாங்கியாரச் சொன்னேன். ஆடி பொறந்ததும் கோயில்ல ஆத்தாளுக்கு சாத்தணும். கண்ணுல வச்ச பொட்ட நகத்தால சொரண்டினேன் மஸூது, இந்த நகத்தால தான். இப்ப பாரு, நகமும் இல்ல, வெரலும் இல்ல. கரெக்டா எட்த்துக்கினா பாத்தியா? சாத்திட்டா கோவம் தணியும்ல?"

"ஆத்தா எடுக்கலக்கா" என்றான் மஸூத்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாந்தான்."

அதற்கப்புறம் அவன் நிறுத்தவில்லை. சந்தனம் ஒளியை மறைத்தது, அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் பார்த்தது, பஞ்சை எடுத்தது, திரும்ப வைத்தது, ரெசிஸ்டரை மாற்றியது, அவள் துடைத்ததும் கண்ணுக்கு வெளிச்சம் மிஞ்சிப் போய்க் கையையே காணாமல் விட்டது, பிறகு ரகுநாதன் சொல்லிப் பழையதைப் போட்டது, அதிகாரி வந்தபோது வாய் மூடி நின்றது, எல்லாம் சொன்னான். கெயின், மடங்கு என்று அவன் சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்தது.

"அப்போ நான் தொடச்சது பாவமில்ல?"

"இல்லக்கா. தொடைக்க வேண்டியதுதான். மொத நாளே நான் தொடச்சிருக்கணும்."

அவள் கண்மலரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே கலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"ஏன் தொடைக்கல?"

"பூசை பண்ணது. நான் தொட்டா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு."

"எங்கையால ரசம் சோறு வாங்கித் துன்னவன்டா நீ" என்றாள் துலுக்கானம். அவள் குரலில் இப்போதுதான் கோபம் வந்தது. "ஒன் ஊட்டு சோத்த நான் துன்னேன். யக்கா, அத்த கொஞ்சம் தொடைன்னு ஒரு வார்த்த. ஒரே வார்த்த. ஓடியாந்து முந்தானியால தொடச்சிட்டுப் போயிருப்பனேடா. நான் வச்சதுதான அது. நான் தொடைக்கமாட்டனா? அந்த ஒரு வார்த்தைக்கு என் கையையா குடுக்கணும் நான்?"

அவன் அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

"கம்பெனில சொல்றேன்க்கா. அந்த அதிகாரிகிட்டயும் போய் சொல்றேன். வேல போனா போகட்டும்."

"சொல்லு. வக்கீலாண்ட சொல்லு. எவன் கேட்டாலும் சொல்லு. கேக்கலன்னாலும் சொல்லு." மூச்சு வாங்கினாள். "ஆத்தா மேல பயி போட்டுகினு கெடந்தேன் இத்தினி நாளு. அதுலகூட ஒரு கணக்கு இருந்திச்சு. தப்பு பண்ணேன், தண்டன. இதுக்கு இன்னா கணக்கு? இந்தக் கண்ண இனிமே நான் யாருக்குப் போயி சாத்தறது?"

துலுக்கானம் கண்மலரைக் காகிதத்தில் வைத்து மடிக்கப் பார்த்தாள். இடது கை ஒன்றால் மடித்த மடிப்பு நிற்காமல் பிரிந்தது. முழங்காலால் ஒரு முனையை அழுத்திக்கொண்டு, நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்தாள். நூல் வழுக்கியது. ஒரு வெள்ளிக் கண் தரையில் விழுந்து அவன் பக்கமாகச் சறுக்கியது. எடுப்பதற்கு அவன் கை நீண்டது, பழைய வழக்கப்படி நடுவழியில் நின்றது.

"நான் எடுத்துக் கட்டித் தரட்டாக்கா?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

"வாணாம்" என்றாள் துலுக்கானம். தவழ்ந்து வந்து, மிஞ்சியிருந்த கையால் அதை அவளே எடுத்துக்கொண்டாள்.